பித்தளை என்ஜின்: தேய்ப்பதா, விடுவதா? – வாசகர் கேள்வி பதில்

மாடல் ரயில் பகுதியில் இந்த முறை பித்தளைக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கே: வண்ணம் பூசாத பித்தளை என்ஜின், 1:87 அளவு. பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்தது. வெளியே எடுத்தால் உடலெங்கும் பழுப்புப் புள்ளிகள், ஓரங்களில் கறுப்பு. பாத்திரத்துக்குப் போடும் உலோகப் பாலிஷை எடுத்துத் தேய்த்தேன். அங்கங்கே பளபளக்கிறது, புள்ளிகள் மட்டும் அசையவே இல்லை. பாலிஷ் சரியில்லையா?

ப: பாலிஷ் சரிதான். ஆனால் நீங்கள் தேய்த்தது பித்தளையை அல்ல, அதன்மேல் இருக்கும் லேக்கர் என்ற பாதுகாப்புப் பூச்சை. ஜப்பானிலும் கொரியாவிலும் கையால் செய்து ஏற்றுமதியான வண்ணம் பூசாத மாடல்கள் பெரும்பாலும் நிறமற்ற லேக்கர் தெளித்தே வந்தன. அந்தப் படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும், காற்றும் ஈரமும் உள்ளே போய்ப் பித்தளையைக் கறுக்க வைக்கும். லேக்கர் தெளிக்கும் முன்பே யாராவது விரல் வைத்திருந்தால், வியர்வையில் உள்ள உப்பு அடியில் மாட்டிக்கொண்டு பின்னாளில் அந்த ரேகையையே காட்டிக்கொடுக்கும். புள்ளி கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, நீங்கள் கண்ணாடியைத் துடைக்கிறீர்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிஷில் இருக்கும் நுண்ணிய தேய்ப்புத் தூள் லேக்கரை ஒரே சீராக அரிக்காது. ரிவெட் தலை, விளிம்பு, கைப்பிடிக் கம்பி போன்ற மேடான இடங்களில் முதலில் போகும். பள்ளங்களில் அப்படியே நிற்கும். இன்று பளபளக்கும் இடங்கள்தான் சில மாதங்களில் முதலில் கறுக்கும். அங்கிருந்து கறுப்பு லேக்கருக்கு அடியில் வேர் விட்ட மாதிரி பரவும்.

இரண்டே வழிதான். லேக்கரை முழுதாக எடுத்துவிட்டுப் பித்தளையைச் சுத்தம் செய்து புதிதாகப் பூசுவது ஒன்று. இல்லையென்றால் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு அப்படியே வைத்துக்கொள்வது. பழுப்பு சீராக, மெல்லியதாக இருந்தால் எங்கள் ஓட்டு இரண்டாவதற்குத்தான். சேகரிப்பவர்கள் தேடுவது தொழிற்சாலைப் பூச்சு கலையாத மாடலை. ஒரு முறை எடுத்த லேக்கர் திரும்பி வராது.

கே: லேக்கர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ப: மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் கீறாமல் உடலின்மேல் மெல்லத் தொடுங்கள். ‘பீப்’ வந்தால் வெற்று உலோகம். வராவிட்டால் இடையில் படலம் இருக்கிறது. கனத்த கறுப்பும் சில நேரம் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் பளிச்சென்று இருக்கும் இடத்தில் சோதியுங்கள். மீட்டர் இல்லாவிட்டால், டெண்டரின் (என்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) அடித்தட்டு போல வெளியே தெரியாத இடத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சுக்குச்சியை வையுங்கள். பிசுபிசுத்தால் லேக்கர்.

கே: லேக்கரை எடுத்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

ப: முதல் வேலை பிரித்தெடுப்பது. உடலை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகுகள் கீழ்ப்புறம் இருக்கும். கழற்றும் வரிசையிலேயே அவற்றை ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் ஏதாவது ஒன்றில் இடிக்கும். மோட்டார், பல்சக்கரப் பெட்டி, சக்கரங்கள், விளக்கு, வயர், பிளாஸ்டிக் காப்புத் துண்டுகள் எல்லாம் வெளியே வரவேண்டும். மின்சாரம் குறுக்கே பாயாமல் இருக்கச் சக்கரங்களில் ஒரு பக்கம் காப்பு வைத்திருப்பார்கள். அது அசிட்டோனில் கெட்டால் என்ஜின் ஓடாது. நிக்கல் முலாம் பூசிய இணைப்புத் தண்டுகளையும் தனியே வைத்துவிடுங்கள், அவற்றுக்கு இந்த வைத்தியம் தேவையில்லை.

மூடி உள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் உடல் மூழ்கும் அளவு அசிட்டோனோ லேக்கர் தின்னரோ ஊற்றி, 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். மரப்பிடியும் இயற்கை மயிரும் கொண்ட தூரிகையால் மூலைமுடுக்குகளை வருடுங்கள். பிளாஸ்டிக் பிடி இளகி மாடலிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு புதிய திரவத்தில் இரண்டாம் முழுக்கு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முதல் பாத்திரத்தில் கரைந்த லேக்கர் அந்தத் திரவத்திலேயே இருக்கிறது. அது உலரும்போது மெல்லிய படலமாகத் திரும்பப் படியும், திட்டுத்திட்டாகத் தெரியும்.

அடுத்து வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, நல்ல நீரில் அலசி, கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் முடியுங்கள். உப்பு நீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும். ஹேர் டிரையரால் உடனே உலர்த்துங்கள். இந்த நிலையில் வெறும் விரல் படக்கூடாது.

அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ பொறி பறக்கும் கருவியோ வேண்டாம், உடலில் அசிட்டோன் துளியும் இல்லாமல் போன பிறகே ஹேர் டிரையரைப் போடுங்கள், அதுவும் திரவத்தை மூடி வேறு இடத்துக்கு மாற்றிய பின்பு. நீல நிற நைட்ரைல் கையுறையை நம்பாதீர்கள், அசிட்டோனில் சில நிமிடங்களில் ஊறிப்போகும். பியூட்டைல் ரப்பர் கையுறைதான் தாங்கும். முன்பு யாராவது சூப்பர் குளூ போட்டு ஒட்டிய பாகம் இருந்தால் கழன்று அடியில் கிடக்கும்; திரவத்தைக் கொட்டும் முன் வடிகட்டிப் பாருங்கள்.

அசிட்டோன் பிடிக்காதவர்கள் சலவை சோடா கலந்த கொதிநீரில் போடுவதுண்டு. பழைய லேக்கர் சில நேரம் தோலாக உரிந்து வரும். பாகங்களை உருக்கி ஒட்டப் பயன்படும் வழக்கமான ஈய–வெள்ளீய சால்டர் 183 டிகிரியில்தான் இளகத் தொடங்கும் என்பதால் கொதிநீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெள்ளை உலோக வார்ப்புப் பாகங்களை ஒட்ட 70 டிகிரியில் உருகும் சால்டரைப் பயன்படுத்தியிருப்பார்கள், முக்கியமாகக் கிட் (தனித்தனிப் பாகங்களாக வரும் தொகுப்பு) வாங்கிக் கட்டிய மாடல்களில். அப்படிப்பட்டதைக் கொதிநீரில் போட்டால் மாடல் மறுபடியும் கிட் ஆகிவிடும்.

கே: எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். கறுப்பு போய்விட்டது, ஆனால் உடல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. கழுவினாலும் போகவில்லை. என்ன ஆயிற்று?

ப: நீங்கள் பார்ப்பது செம்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கறுப்புப் படலத்தை அமிலம் கரைக்கும்போது செம்பு ஆக்ஸைடிலிருந்து வந்த செம்பு மேற்பரப்பில் தங்கலாம். நேரம் கூடினால் அமிலம் கலவையிலிருந்து துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டிலும் மிஞ்சுவது சிவப்புத்தோல்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அதே பாத்திரத்தில் இரும்புத் திருகோ எஃகு இடுக்கியோ கிடந்ததா? அமிலத்தில் கரைந்திருக்கும் செம்பு, இரும்பு தொட்டவுடன் அதன்மேலும் அதைத் தொடும் பித்தளையின்மேலும் முலாமாக ஏறும். நகை வேலை செய்பவர்கள் அமிலத் தொட்டிக்குள் எஃகு இடுக்கியை விடாததற்குக் காரணம் இதுவே. பிளாஸ்டிக் இடுக்கி அல்லது மூங்கில் குச்சி போதும்.

நல்ல செய்தி, அந்தத் தோல் மிக மெல்லியது. சமமான பரப்புகளில் உலோகப் பாலிஷை மென்துணியில் தொட்டு நாலு இழுப்பு இழுத்தால் மஞ்சள் திரும்பும். ரிவெட் நிறைந்த இடங்களுக்கு, மெல்லிய பித்தளைக் கம்பித் தூரிகையைச் சோப்பு நீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள். சோப்பு இல்லாமல் உலர்வாகத் தேய்த்தால் கீறல் விழும்.

அடுத்த முறை எலுமிச்சையை விடுங்கள், அதன் அளவு நம் கையில் இல்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம். ஒவ்வொரு நிமிடமும் தூக்கிப் பாருங்கள்; கறுப்பு பழுப்பானதும் எடுத்துவிடுங்கள், மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். உடனே ஒரு லிட்டருக்கு 15 கிராம் சமையல் சோடா கலந்த நீரில் முக்கி எடுத்து நன்றாக அலசுங்கள். பயன்படுத்திய அமிலத்தை அடுத்த மாடலுக்கு எடுத்து வைக்கவேண்டாம், அதில் செம்பு ஏறியிருக்கும்.

கே: பாலிஷ் போட்ட பிறகு ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. குண்டூசியால் நோண்டலாமா?

ப: வேண்டாம். குண்டூசிக் கீறல் வெள்ளைப் படிவைவிடப் பளிச்சென்று தெரியும். அது காய்ந்துபோன பாலிஷ்த் தூள். பெயின்ட் கலக்கும் மினரல் டர்ப்பன்டைனை மென்மையான பல்துலக்கியில் தொட்டு ஊறவிட்டுத் தேய்த்தால் இளகும். பிடிவாதமானதைப் பல்குச்சியின் முனையைச் சற்று நசுக்கித் தூரிகை போலாக்கி எடுங்கள். பிறகு சோப்பு நீர்.

இந்தத் தூள் அச்சுப் பெட்டிக்குள்ளோ பல்சக்கரத்துக்குள்ளோ போயிருந்தால் விஷயம் வேறு. எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். என்ஜின் ஓட ஓடத் தாங்கிகளைத் தின்னும். அடிச்சட்டத்தைப் பிரித்துக் கழுவிப் புதிதாக எண்ணெய் விடாமல் ஓட்டாதீர்கள்.

கே: பாலிஷ் வாங்கும்போது பார்க்க வேண்டியது என்ன?

ப: அம்மோனியா. மூக்கில் ஏறும் வாசனை இருந்தால் தெரிந்துவிடும். வளைத்தும் அழுத்தியும் உருவான பித்தளைத் தகட்டுக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அதை அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து தாக்கினால் விரிசல் விடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலங்களில் காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. ஒரு முறை போட்டுத் துடைத்ததற்கே என்ஜின் பிளந்துவிடாது. கழுவாமல் இடுக்கில் விடுவதும், அம்மோனியா கலந்த நீரில் இரவெல்லாம் ஊறவைப்பதும்தான் ஆபத்து. அம்மோனியா இல்லாத பசை கிடைத்தால் அதையே எடுங்கள்.

கே: மூட்டுகளில் பச்சைக் களிம்பு பூக்கிறது. துடைத்தாலும் ஒரு மாதத்தில் திரும்பவும் வருகிறது.

ப: சால்டர் நன்றாகப் பிடிப்பதற்காக அப்போது பூசிய ஃப்ளக்ஸ் என்ற ரசாயனம் இடுக்கில் மிச்சமிருக்கிறது. துத்தநாகக் குளோரைடு வகை ஃப்ளக்ஸ் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே உறிஞ்சி, பித்தளையை ஓயாமல் அரிக்கும். வெளியே தெரிவதைத் துடைப்பது வேரை விட்டுக் களையைக் கிள்ளுவது போல.

உடலைத் தனியே எடுத்து, களிம்பைப் பல்குச்சியால் நீக்கி, சமையல் சோடா நீரில் முக்கி அலசுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் வையுங்கள். கடைசியில் சூடான காற்றால் மூட்டுக்குள் இருக்கும் நீரை விரட்டுங்கள். அதற்கு மேலும் பூத்தால் அந்த மூட்டைத் திறந்து மறுபடி சால்டர் வைப்பதே வழி. பிசின் வகை ஃப்ளக்ஸ் என்றால் நீரில் போகாது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும்.

கே: அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கியிருக்கிறேன், 40 கிலோஹெர்ட்ஸ். முழு என்ஜினையும் போடலாமா?

ப: உடலை மட்டும் போடலாம், மோட்டாரோடு கூடாது. மாடல் தொட்டியின் அடியைத் தொடாதபடி கூடையில் வைத்து, நீரில் சில சொட்டுப் பாத்திரத் திரவம் விட்டு, 40 டிகிரி சூட்டில் இரண்டு இரண்டு நிமிடமாக ஓட்டிப் பாருங்கள். பாலிஷ்த் தூள், பழைய கிரீஸ், ஃப்ளக்ஸ் மிச்சம் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. கறுப்பை இது எடுக்காது, அதை எதிர்பார்க்கவேண்டாம். பெயின்ட் அடித்த உடலில் ஏற்கெனவே எழும்பிய இடம் இருந்தால் முழுதாக உரியும். தொட்டிக்குள் அசிட்டோனோ ஆல்கஹாலோ பெட்ரோலோ ஊற்றவே கூடாது. அது தீ விபத்துக்கு நேர் வழி.

கே: சுழல் கருவியில் கம்பளி முனை மாட்டிப் பாலிஷ் செய்தபோது பாய்லர் மேலிருந்த சின்னக் குழாய் ஒன்று கழன்று பறந்துவிட்டது. எப்படித் திரும்ப வைப்பது?

ப: முதலில் ஏன் பறந்தது என்று பாருங்கள். இந்தக் கருவிகள் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும். மெல்லிய பாகத்தை அந்த வேகத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே சால்டர் இளகலாம். சூடாகாவிட்டாலும் முனை கம்பியில் மாட்டினால் பிடுங்கி எறியும். இனிமேல் மிகக் குறைந்த வேகம், டெண்டரின் பக்கவாட்டு போன்ற பெரிய சமதளங்களில் மட்டும், ஓரிடத்தில் இரண்டு நொடிக்கு மேல் நிற்காமல். மற்ற இடங்களுக்கு, மூங்கில் குச்சியின் நுனியில் மென்தோலைச் சுற்றிப் பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். நேரமாகும், ஆனால் ரிவெட் தப்பிக்கும்.

குழாயைத் திரும்ப வைக்க, பாய்லரையே சூடேற்றினால் பக்கத்தில் இருப்பதும் கழலும். பித்தளை சூட்டை வேகமாகக் கடத்தும். அண்டைப் பாகங்களின்மேல் ஈரத் தாள் சுற்றி, 145 டிகிரியில் உருகும் சால்டரைக் கொண்டு, சூடு நன்றாகத் தேங்கிய கனமான முனையால் ஒரு தொடலில் முடியுங்கள். சிறிய முனைதான் பாதுகாப்பு என்று நினைக்கவேண்டாம். சூடு போதாமல் நெடுநேரம் பிடித்திருக்க வைத்து அதுவே எல்லாவற்றையும் இளக்கும். பளு தாங்காத அலங்காரப் பாகம் என்றால் எபாக்ஸிப் பசையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

கே: பெட்டியில் இருந்த ஃபோம் உருகி என்ஜினோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ப: பழைய பாலியூரித்தேன் ஃபோம் வயதானால் பொடியாகும், அல்லது பிசினாகும். சுரண்டாதீர்கள். மினரல் டர்ப்பன்டைனில் நனைத்த துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு, மரக் குச்சியால் வழித்தெடுங்கள். ஆல்கஹால் இன்னும் வேகமாக இளக்கலாம், ஆனால் சில லேக்கர்களையும் சேர்த்து இளக்கிவிடும். அதனால் கடைசியில் வையுங்கள். பெட்டியை வைத்துக்கொண்டு ஃபோமை மட்டும் தூக்கி எறியுங்கள். புதிய பாலியெத்திலீன் ஃபோம் வெட்டிப் போட்டு, என்ஜினை மெல்லிய பாலியெத்திலீன் தாளில் சுற்றி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் போடவேண்டாம். அதில் கந்தகம் இருக்கிறது, பட்டை பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழும். செய்தித்தாளும் கம்பளித் துணியும் வேண்டாம்.

கே: பெயின்ட் அடித்த கிரேட் வெஸ்டர்ன் (பழைய பிரிட்டிஷ் ரயில் நிறுவனம்) என்ஜின். பாதுகாப்பு வால்வின் பித்தளை மூடியும் புகைபோக்கியின் செம்பு வளையமும் மட்டும் மங்கிவிட்டன.

ப: உண்மையான என்ஜின்களில் அந்த இரண்டும் மின்னியவைதான், எனவே மாடலிலும் மின்னட்டும். ஒட்டு குறைந்த மாஸ்கிங் டேப்பால் சுற்றியுள்ள பெயின்டை மூடுங்கள். பல்குச்சி நுனியில் துணி சுற்றி, பாலிஷை வழியாத அளவு தொட்டுத் தேயுங்கள். பாலிஷில் இருக்கும் கரைப்பான் எனாமல் பெயின்டின் பளபளப்பைக் கெடுக்கும். செம்பு என்று நினைப்பது வெறும் செம்புநிறப் பெயின்டாகவும் இருக்கலாம். முதல் துடைப்பில் துணியில் நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கே: பித்தளைத் தண்டவாளம் கறுத்து, என்ஜின் திக்கித் திக்கி ஓடுகிறது. இரும்பு நார் போட்டுத் தேய்க்கலாமா?

ப: இரும்பு நார் வேண்டவே வேண்டாம். உதிரும் இழைகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். உள்ளே சுற்றிக்கொண்டு ஷார்ட் ஆகும், மோட்டார் போகும். நெய்யாத நைலான் தேய்ப்பானில் மிக நுண்ணிய ரகத்தை மரக்கட்டையில் சுற்றி நீளவாக்கில் இழுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியால் துடையுங்கள். முரட்டு உப்புத்தாள் போட்டால் கீறல்களில் அழுக்கு தேங்கி முன்பைவிடச் சீக்கிரம் கறுக்கும்.

கே: பாலிஷ் முடிந்தது. மேலே லேக்கரா, மெழுகா?

ப: அலமாரியில் நிற்கும், ரிவெட் குறைவான பெரிய மாடலுக்கு மெழுகு. 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரினைசான்ஸ் வாக்ஸ் போன்ற நுண்படிக மெழுகைத் துணியில் தொட்டு, தெரிந்தும் தெரியாத அளவு பூசி, சில நிமிடம் கழித்துத் துடைத்து மெருகேற்றுங்கள். தவறினால் டர்ப்பன்டைனில் போய்விடும் என்பது பெரிய வசதி. ஆனால் நுண்வேலை நிறைந்த 1:87 உடலில் மெழுகு இடுக்குகளில் தங்கித் தூசி பிடிக்கும். அதற்கு அக்ரிலிக் லேக்கர்தான்.

தெளிக்கும் முன் உடலை 40 டிகிரி அளவு வெதுவெதுப்பாக்குங்கள். மழை நாளில் தெளிக்காதீர்கள், ஈரம் சேர்ந்தால் படலம் பால் போல வெளுக்கும். 20 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து இரண்டு மெல்லிய பூச்சு. ஒரே கனத்த பூச்சு ரிவெட்டுகளை மூழ்கடித்துவிடும். பாலிஷ் முடிந்த அன்றே தெளியுங்கள். நாளை என்று தள்ளிப்போட்டால் இன்று விழுந்த விரல் ரேகை நாளை அடியில் இருக்கும்.

நிஜ நீராவியில் ஓடும் மாடலுக்கு இரண்டுமே சரிப்படாது. மெழுகு உருகும், லேக்கர் பழுத்துப்போகும். ஆறிய பிறகு துடைப்பதோடு சரி. பல திரவப் பாலிஷ்கள் எரியக்கூடியவை, பர்னர் எரியும்போது பாட்டிலைத் திறக்கவேண்டாம்.

கே: பெயின்ட் அடிக்கப்போகிறேன். அதற்கு முன் கண்ணாடி போல் மெருகேற்ற வேண்டுமா?

ப: வேண்டாம், வீண் வேலை. வழவழப்பான பித்தளையில் பெயின்ட் பிடிக்காது. லேக்கரை எடுத்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வெள்ளை வினிகரில் கால் மணி நேரம் ஊறவைத்து அலசி உலர்த்துங்கள். பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்தால் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடிக்கலாம். இளஞ்சிவப்பாக இருந்தாலும் கவலையில்லை, அதன்மேல்தான் பெயின்ட் வரப்போகிறதே.